நைனா சொல்லச் சொல்ல வரைந்த அலை

பிள்ளைகளே, போன ஞாயிற்றுக்கிழமை நீங்கள் நாலு பேரும் என் கடை வாசலில் உட்கார்ந்து கைபேசியில் ஒரு வீடியோ காட்டினீர்கள். யாரோ ஒருவர் பத்தே நிமிடத்தில் அக்ரிலிக் வண்ணத்தில் கடல் அலை வரைந்து முடித்துவிட்டார். அசல் அலை மாதிரியே இருந்தது. "உங்களுக்கு இது வருமா?" என்று கேட்டீர்கள். வரும் என்றேன். "அப்போ நம்ம கடை செவுத்துல நீங்க வரைஞ்சி மாட்டினதுல ஏன் ஒரு கடல் படம்கூட இல்ல?" என்று கேட்டது என் சின்ன மகள். நான் பதில் சொல்லாமல் ஜெராக்ஸ் எடுக்க எழுந்து போய்விட்டேன்.

அந்தப் பதிலை இப்போது எழுதுகிறேன். நான் பத்தாவது வரை படித்தவன். கோவையாக எழுத வராது, பேசுகிற மாதிரிதான் வரும். என் வயதுக்காரர்கள், பிள்ளை பெற்றவர்கள் யாராவது இதைப் பார்த்தால் அவர்களும் நின்று படிக்கட்டும். இதில் பாதி அவர்களுக்கு.

எனக்கு அப்போது பதினொரு வயது. செஞ்சியைச் சுற்றி எந்தப் பக்கம் பார்த்தாலும் பாறைதான் என்பது உங்களுக்குத் தெரியும். கடல், பஸ் ஏறினால் இரண்டு மணி நேரம். ஆனாலும் எங்கள் வீட்டில் நைனாவை, அதாவது உங்கள் தாத்தாவை, தவிர யாரும் கடலைப் பார்த்ததில்லை. நைனா டிப்பர் லாரி ஓட்டினார். ஒரு மீனவர் ஊரில் கடல் கரையை அரித்துக்கொண்டே வந்தது. அதைத் தடுக்க, கரையிலிருந்து கடலுக்குள் நீளமாகக் கல்லைக் கொட்டி ஒரு சுவர் போட்டுக்கொண்டிருந்தார்கள். நம் ஊர்ப் பக்கத்துப் பாறையை உடைத்து, லாரியில் ஏற்றி, அங்கே கொண்டுபோய்க் கொட்டுவதுதான் நைனாவின் வேலை.

அவருக்குக் கிளீனராக இருந்தவரை நான் மாமா என்று கூப்பிடுவேன். நைனா வயதுதான் இருக்கும். அம்மாவோடு கூடப் பிறந்தவர் இல்லை, அக்கா அக்கா என்று கூப்பிட்டே தம்பி ஆகிவிட்டவர். சொந்த ஊர் சீயமங்கலம். மனைவியும் கைக்குழந்தையும் அங்கே இருந்தார்கள். வாரத்துக்கு ஒருமுறை ஊருக்குப் போய் வருவார். மற்ற நாளெல்லாம் லாரியில் தூக்கம், எங்கள் வீட்டில் சாப்பாடு, துணிப்பையும் எங்கள் வீட்டு மூலையில்தான். முன்பு நிறையக் குடிப்பாராம். பெண் குழந்தை பிறந்ததும் அதன் தலையில் கை வைத்துச் சத்தியம் பண்ணி விட்டுவிட்டார்.

"மாமா, கடலு எப்படி இருக்கும்?" என்று கேட்டால், சோற்றைப் பிசைந்துகொண்டே சொல்வார்: "ராஜகிரி மலை எழுந்து உன்ன பாத்து நடந்து வந்தா எப்படி இருக்கும்? அப்படி."

"பயமா இருக்காதா?"

"எனக்கு இன்னா பயம்? உங்க நைனாதான் பயந்தாங்கொள்ளி. வண்டிய விட்டே எறங்க மாட்டான்."

"எவன்டா பயந்தாங்கொள்ளி?" என்பார் நைனா. "கடலுக்குள்ள ரிவர்ஸ் எடுக்கறவன் நானு. நீ பின்னால நின்னு வா வான்னு கத்தறவன்."

"நான் கத்தலன்னா நீ நேரா இலங்கைக்குப் பூடுவ மச்சான்."

அம்மாவுக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறிவிடும்.

நான் பென்சிலால் எதையாவது கிறுக்கிக்கொண்டே இருப்பேன். அதைப் பார்த்து மாமா ஒருநாள் சொன்னார், புதுச்சேரியில் ஒரு கடையில் அக்ரிலிக் கலர் விற்கிறதாம், தண்ணீரில் கரைத்து வரைந்தால் காய்ந்த பிறகு மழையில் வைத்தாலும் போகாதாம். "வாங்கியாறேன். அதுல எனக்கு ஒரு கடலு வரைஞ்சி குடு. நல்லா இருந்தா வண்டி முன்னால மாட்டிக்கிறேன்."

இப்போதே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். கடைசி வரை மறைத்து வைத்து உங்களைத் திடுக்கிட வைக்க எனக்கு விருப்பமில்லை. அந்த மாமா செத்துப்போனார். கல் கொட்டுகிற இடத்தில் கடல் இழுத்துக்கொண்டு போய், பிறகு பிணமாகக் கரையில் ஒதுக்கிவிட்டது. தெருவுக்கே தெரியும். எனக்கு மட்டும் தெரியாது. என்னிடம் யாரும் சொல்லவில்லை.

கோடை விடுமுறையில் ஒரு மத்தியானம் நைனா பஸ்ஸில் வந்து இறங்கினார். லாரி இல்லை. மாமா இல்லை. கையில் ஒரு அட்டைப்பெட்டி மட்டும். அதை என் மடியில் வைத்துவிட்டு, உள்ளே போய்க் கயிற்றுக் கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார்.

"மாமா எங்க நைனா?"

அம்மாதான் சொன்னாள்: "ஊருக்குப் பூட்டாரு. அவங்க அம்மாவுக்கு முடியல. சும்மா சும்மா கேக்காத."

அடுத்த நாள் அம்மா என்னைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு எங்கேயோ போனாள். சாயங்காலம் தலையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டு வந்தாள். நைனா போகவில்லை. கட்டிலை விட்டே எழவில்லை. வைத்த டீ ஆடை படிந்து ஆறிக் கிடக்கும். சோற்றை இரண்டு வாய் அள்ளிவிட்டுத் தட்டை நகர்த்திவிடுவார். பேச்சு மட்டும் சுத்தமாக இல்லை. லாரி முதலாளி ஆள் அனுப்பினார், அம்மா சாவியைக் கொடுத்து அனுப்பினாள். ஊசி போட வந்த கம்பவுண்டர் நாடி பிடித்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "ஒடம்புக்கு ஒண்ணும் இல்லம்மா. மனசுல எதையோ வெச்சிக்கினு இருக்காரு. எப்படியாவது பேச வையி. இப்படியே விட்டா ஆளு மிஞ்ச மாட்டாரு."

அந்தக் கடைசி வாக்கியம் என் காதில் விழுந்தது. நைனா பேச வேண்டும். பேசாவிட்டால் செத்துவிடுவார். எனக்கு அந்தக் கோடையில் தெரிந்ததெல்லாம் அவ்வளவுதான்.

குழாயடியில் இரண்டு பெண்கள் பேசிக்கொண்டதும் காதில் விழுந்தது. "முட்டக் குடிச்சிட்டு நின்னா கடலு சும்மா விடுமா?" என்றாள் ஒருத்தி. மற்றவள் என்னைப் பார்த்ததும் அவள் கையைக் கிள்ளினாள். யாரைச் சொல்கிறார்கள் என்று எனக்குத் தெரியவில்லை. தண்ணீர் பிடித்துக்கொண்டு வந்துவிட்டேன்.

பெட்டிக்குள் மாமா வாங்கி வருவதாகச் சொன்ன அந்தக் கலர், பன்னிரண்டு டியூப் இருந்தது. மூடியைத் திறந்தால் பசையும் புதுச் செருப்பும் கலந்த மாதிரி ஒரு வாசனை. வரைவதற்கு, உடைந்த அலமாரிக் கதவு ஒன்று கிடைத்தது. அதற்கு வெள்ளை அடித்துக் காயவைத்தேன். மாமா ஊரிலிருந்து வருவதற்குள் கடலை முடித்துவிட வேண்டும் என்பது என் கணக்கு. நைனாவின் கட்டிலுக்கு எதிரே, ஜன்னல் வெளிச்சம் விழுகிற இடத்தில் பலகையைச் சாய்த்து வைத்துக்கொண்டேன்.

முதல் நாளே அந்தக் கலர் என்னை அழ வைத்துவிட்டது. நம் ஊர்ச் சித்திரை வெயிலில் பாறை அடுப்புக்கல் மாதிரி சுடும். தட்டில் பிதுக்கிய நீலம், தூரிகையைத் தொடுவதற்குள் தோல் கட்டிவிடும். இரண்டு நிறத்தைப் பலகையில் வைத்து ஒன்றோடு ஒன்று இழைக்கலாம் என்று பார்த்தால், முதல் நிறம் அதற்குள் காய்ந்து வரப்பு மாதிரி நிற்கும். காய்ந்தது மறுபடி கரையாது. இரண்டு தூரிகை கட்டையாகிப் போனது. பிறகு நானே ஒரு வழி கண்டுபிடித்தேன். அம்மாவின் பழைய புடவைக் கிழிசலை நனைத்துத் தட்டின் மேல் போட்டு மூடி வைத்தேன். பலகையிலும் ஈரத் துணியால் லேசாக ஒற்றிவிட்டு வரைந்தேன். விடிந்ததும் ஆரம்பித்து எட்டு மணிக்குள் முடித்துக்கொண்டேன்.

நான் பார்த்திருந்த பெரிய தண்ணீர், ஏரித் தண்ணீர்தான். ஏரியில் காற்று எந்தப் பக்கம் அடிக்கிறதோ அந்தப் பக்கம் அலை ஓடும். அதனால் என் கடலிலும் அலைகள் கரையை விட்டு வெளியே, தூரத்துக்கு ஓடிக்கொண்டிருந்தன. மூன்றாவது நாள் காலை, முதுகுக்குப் பின்னால் கட்டில் கயிறு முனகியது.

"அலை அப்படிப் போவாது."

நைனாவின் குரல்தான். யாரோ மாதிரி இருந்தது.

"எப்படிப் போவும் நைனா?"

"போவாது. வரும். காத்து எங்க அடிச்சாலும் கரைக்குத்தான் வரும்."

அவ்வளவுதான், திரும்பிப் படுத்துக்கொண்டார். நான் சமையல்கட்டுக்கு ஓடினேன். அம்மா கையில் இருந்த கரண்டியைக் குழம்புக்குள்ளேயே விட்டுவிட்டாள்.

"பேசினாரா? இன்னா சொன்னாரு?"

"அலை கரைக்குத்தான் வரும்னாரு."

அம்மா முகத்தில் ஏதோ வந்து போனது. பிறகு என் தலையைத் தடவி, "இன்னும் கேளுடா கண்ணு. அலையப் பத்தியே கேளு. தெனம் ஒண்ணு கேளு" என்றாள்.

பிள்ளைகளே, உங்கள் பாட்டி கெட்டவள் இல்லை. மாமா கடலில் போனார் என்று அவளுக்குத் தெரியும். எப்படிப் போனார் என்று தெரியாது. கால் வழுக்கிவிட்டது என்று மட்டும் நைனா எல்லாரிடமும் சொல்லியிருந்தார். உள்ளே இருக்கிற முள் வெளியே வந்தால் புருஷன் பிழைத்துக்கொள்வான் என்று அவள் நினைத்தாள். அதை எடுக்கிற ஊசியை என் கையில் கொடுத்தாள். அது ஊசி என்று எனக்குச் சொல்லவில்லை.

தினம் ஒரு கேள்வி கேட்டேன்.

வெளியே போன அலைகளை அழித்துவிட்டு, ஒரே ஒரு பெரிய அலையைக் கரையைப் பார்த்து எழுப்பினேன். நான் அறிந்த உயரமான பொருள் பாறைதான். அதனால் அலை முழுக்க ஒரே அழுத்தமான நீலத்தில் உருண்டையாக நின்றது. "கல்லு மாதிரி இருக்குது" என்றார் நைனா. "அடி கறுப்பா இருக்கும். மேல போவப் போவ வெளுக்கும். நடுவுல குழிஞ்சி, நம்ம மேல கவுற மாதிரி நிக்கும்." கறுப்பும் நீலமும் கலந்து அடியைப் பூசினேன். மேலே போகப் போக வெள்ளை சேர்த்தேன். ஈரமாக இருக்கும்போது சரியாக இருந்த நிறம், காய்ந்ததும் ஒரு படி கறுத்துப்போகும். அதைக் கணக்குப் பண்ணக் கற்றுக்கொள்ளவே நாலு நாள் ஆயிற்று.

நுரைக்கு வெள்ளையை அப்படியே அப்பினேன். சுண்ணாம்பு மாதிரி இருந்தது. "நுரை எல்லா எடத்துலயும் வெள்ளை இல்ல. நெழலு விழற எடத்துல சாம்பலா இருக்கும். ஓட்டை ஓட்டையா, வலை மாதிரி இழுத்துக்கினு வரும்." எனக்கு உடனே சோறு கொதிப்பது ஞாபகம் வந்தது. உலை பொங்கி வழியும்போது பானை ஓரத்தில் நுரை ஓட்டை ஓட்டையாக நீளும். இரண்டு நாள் அடுப்பண்டை குந்திக்கொண்டு அதையே பார்த்தேன். பிறகு அலையின் வயிற்றில் சாம்பல் நீலத்தில் அந்த வலையை வரைந்தேன். அலை குழிகிற இடத்தில் வலையும் வளைந்தது. உச்சியில் உடைகிற நுரைக்கு நைனாவின் ஷேவிங் பிரஷ்ஷை எடுத்து ஒற்றினேன். பழைய பல் பிரஷ்ஷில் தண்ணீர் கலந்த வெள்ளையைத் தொட்டு, விரலால் சுண்டித் தெளித்தேன். சாரல் வந்துவிட்டது.

"அது என் பிரஷ்ஷு" என்றார் நைனா. உதட்டு ஓரம் லேசாக அசைந்தது. சிரிப்பு என்றே நான் எடுத்துக்கொண்டேன்.

அன்று அவர் ஒரு தட்டுச் சோறு முழுக்கச் சாப்பிட்டார். அம்மா எனக்கு இரண்டு அப்பளம் கூடுதலாகப் போட்டாள். தெருவில் போகிறவர்களிடமெல்லாம், "இப்ப பேசறாரு, சாப்புடறாரு" என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

ஒவ்வொரு பதில் சொல்லும்போதும் அவர் கை கட்டில் கயிற்றை முறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தது. மின்விசிறி ஓடும்போதே கழுத்து வேர்த்திருந்தது. நான் இதையெல்லாம் பார்த்தேன். பார்த்தும் எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. என் அலை நாளுக்கு நாள் நிஜமாகிக்கொண்டு வந்தது. எனக்குப் பெருமையாக இருந்தது.

அந்தப் பலகை இப்போது இல்லை. பல வருஷம் தண்ணீர்த் தொட்டிக்கு மூடியாகக் கிடந்து உளுத்துப்போயிற்று. ஆனால் கண்ணை மூடினால் அதன் ஒவ்வொரு அங்குலத்தையும் என்னால் சொல்ல முடியும்.

நாலாவது வாரத்தில் ஒரு குறை மட்டும் மிச்சம் இருந்தது. அலை எழுந்து நின்றது, வளைந்தது, நுரைத்தது. ஆனாலும் தண்ணீராக இல்லை. சாயம் பூசிய மண்சுவர் மாதிரி இருந்தது. ஒரு காலையில் கேட்டேன்.

"நைனா, அலை தூக்கிக்கினு நிக்குதே, அதுக்கு உள்ள இருட்டா இருக்குமா?"

நைனா பலகைப் பக்கம் திரும்பிப் படுத்தார்.

"இருட்டு இல்ல" என்றார். "காலையில சூரியன் கடலு பக்கம் இருக்கும். அலை எழுந்தா, வெளிச்சம் அதுக்குப் பின்னால இருந்து வரும். மேல மெல்லிசா இருக்கற எடம் பச்சையா, கண்ணாடி மாதிரி ஆயிடும்."

எங்கள் வீட்டுப் பின்பக்கம் ஒரு வாழை இருந்தது. காலை வெயில் பின்னால் இருக்கும்போது அதன் குருத்து இலை விளக்குப் போட்ட மாதிரி இருக்கும். ஓடிப்போய் அதைப் பார்த்துவிட்டு வந்தேன். மஞ்சளில் ஒரு சொட்டு நீலம், கொஞ்சம் வெள்ளை, நிறையத் தண்ணீர். அலையின் உச்சிக்குக் கீழே மெல்லிசாகப் பூசினேன். காய்ந்ததும் அதன் மேலேயே இன்னொரு பூச்சு. இன்னொன்று. ஐந்தாவது பூச்சில் அலைக்குள் வெளிச்சம் வந்துவிட்டது. எனக்கு மயிர் சிலிர்த்தது.

"இப்படியா நைனா?"

கட்டில் முனகியது. நைனா எழுந்து வந்து பலகைக்கு முன்னால் குந்தினார். இத்தனை நாளில் அவர் கட்டிலை விட்டு என் பக்கம் வந்தது அதுதான் முதல் தடவை.

"அதுக்குள்ள இருக்கறது வெளியில தெரியுமா நைனா?"

"தெரியும்."

"இன்னா தெரிஞ்சிது?"

"சட்டை" என்றார்.

எனக்குப் புரியவில்லை. தூரிகையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"கட்டம் போட்ட சட்டை. மாமா சட்டை. சைடு கண்ணாடியில பாத்தேன். வண்டிய ரிவர்ஸ்ல வெச்சிருந்தேன். அவன் பின்னால, கடைசிக் கல்லுல நின்னு வா வான்னு கை காட்டிக்கினு இருந்தான். அவனுக்குப் பின்னால எழுந்துது. அவன் கடலுக்கு முதுகு காட்டி நின்னான். என்னத்தான் பாத்துக்கினு இருந்தான். ஹாரன் அடிச்சேன். சிரிச்சிக்கினே இன்னும் வா வான்னான்."

அவர் கண் அலையை விட்டு அசையவில்லை.

"வேணாம்னான்டா. 'இன்னிக்கு அலை சரியில்ல மச்சான், கல்ல கரையிலயே தள்ளிட்டுப் போலாம்'னான். நாந்தான், பயந்தாங்கொள்ளி, போயி நில்லுடான்னேன். நாந்தான் சொன்னேன்."

"அப்ப மாமா ஊருல இல்லியா?" என்று கேட்டேன்.

நைனா என்னைப் பார்த்தார். பிறகு சமையல்கட்டு வாசலில் நின்ற அம்மாவைப் பார்த்தார். எனக்குத் தெரியாது என்பது அவருக்கே அப்போதுதான் தெரிந்தது. ஒன்றும் தெரியாத பிள்ளையிடம்தான் ஒரு மாதமாக அந்த அலையைச் சொல்லிக்கொண்டிருந்தோம் என்று விளங்கியதும், அவர் முகம் வெளுத்துப்போயிற்று.

அம்மா வந்து என் தோளைப் பிடித்து நகர்த்தினாள். "நீ போயி வெளாடு" என்றாள். நான் போகவில்லை, கதவுக்குப் பின்னால் நின்றேன். நைனாவிடம் அவள் சன்னமாகச் சொன்னது கேட்டது: "இதை எங்கிட்ட சொன்னதோட விடு. வெளிய சொல்லாத. அவன் பொண்டாட்டிக்கு மூணு தம்பிங்க. வெட்டிடுவானுங்க. போனவன் பூட்டான், நமக்குப் புள்ள இருக்குது." பிறகு பலகையைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்தாள். என்னிடம் வந்து, "நீயும் வாயத் தொறக்காத" என்றாள்.

பேசு பேசு என்றவள் அவள்தான். பேசியதும் வாயை மூடியவளும் அவள்தான். என் வயதுக்காரர்களே, அவளை நான் இன்று குற்றம் சொல்லவில்லை. அவள் இடத்தில் நானும் அப்படித்தான் பயந்திருப்பேன். ஆனால் மாமா செத்துப்போனார் என்பது எனக்கு ஒரு படம் வரைந்து முடித்ததில் தெரிந்தது. வாழைக்குப் பின்னால் போய் தனியாக அழுதேன். யாராவது முதல் நாளே பக்கத்தில் உட்கார வைத்துச் சொல்லியிருக்கலாம். பதினொரு வயதுப் பிள்ளை அதைத் தாங்கும்.

நைனா மறுபடி சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துவிட்டார். முன்பைவிட மோசம். இப்போது என்னிடமும் பேச்சு இல்லை. நானும் கேட்பதை விட்டுவிட்டேன். சோறு மறுபடி இரண்டு வாயில் நின்றது.

எட்டு நாள் கழித்து ஒரு காலையில் மாமாவின் மனைவி வந்தார். நான் அத்தை என்று கூப்பிடுவேன். இடுப்பில் பெண் குழந்தை. நெற்றியில் பொட்டு இல்லை. அம்மா ஓடிப்போய்க் குழந்தையை வாங்கப் போனாள், அத்தை கொடுக்கவில்லை.

"ரேஷன் கார்டு அவரு பையில இருக்குது அண்ணி. அத மட்டும் எடுத்துக்கினு போலாம்னு வந்தேன்."

"துணிமணியும் இருக்குதும்மா. அதையும் எடுத்துக்க."

"எனக்கெதுக்கு? எரிச்சிடுங்க." அத்தை நைனாவின் கட்டிலைப் பார்க்கவே இல்லை. "இந்தப் புள்ள தலையில கை வெச்சி சத்தியம் பண்ணவரு. குடிச்சிட்டு நின்னு செத்தாருன்னு ஊரே காறித் துப்புது. எங்க தம்பிங்க தலை நிமிர்ந்து நடக்க முடியல. அவரு துணி எனக்கு வேணாம்."

அம்மா முந்தானையை விரலில் சுற்றிக்கொண்டு நின்றாள்.

மாமாவின் பை அந்தப் பலகைக்குப் பின்னால்தான் இருந்தது. அத்தை பலகையை இழுத்து நகர்த்தினார். அது திரும்பிக்கொண்டது. காலை வெளிச்சம் நேராக அதன் மேல் விழுந்தது.

"இது யாரு வரைஞ்சது?"

"நானு அத்தை."

"இதான் கடலா?" அவரும் கடலைப் பார்த்ததில்லை. ஈரமாக இருக்கிறதா என்று பார்க்கிறவர் மாதிரி, கையை அலைக்குப் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்தினார். "இவ்ளோ பெருசாவா வரும்?"

"வரும் அத்தை. நைனா சொன்னாரு."

அத்தை ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு தலையை ஆட்டிக்கொண்டார். "இவ்ளோ பெருசு வந்துக்கினு இருந்தா, தெளிவா இருக்கற மனுசனுக்குத் தெரியாதா? ஓடியாந்திருக்க மாட்டாரு? ஊரு சொல்றது சரிதான். கண்ணு மண்ணு தெரியாம குடிச்சிட்டுத்தான் நின்னிருக்காரு."

சின்ன மகளே, நீ கேட்டதற்குப் பதில் இதுதான். ஒரு மாதம் பாடுபட்டு அந்த அலையை நான் நிஜமாக்கியிருந்தேன். அது அவ்வளவு நிஜமாக இருந்ததால்தான், மாமா குடிகாரன் என்று அவர் பெண்டாட்டியிடமே சாட்சி சொல்லிக்கொண்டு நின்றது. அதற்குப் பிறகு நான் கடல் வரைந்ததில்லை.

நான் அம்மாவைப் பார்த்தேன். வேண்டாம் என்று கண்ணால் சொன்னாள். கட்டிலைப் பார்த்தேன். நைனாவின் முதுகு தெரிந்தது. கேள்வி கேட்கத்தான் என்னைப் பழக்கியிருந்தார்கள். எனக்கு வேறு ஒன்றும் தெரியவில்லை.

"நைனா, மாமா அன்னிக்குக் குடிச்சிருந்தாரா?"

"டேய்!" என்றாள் அம்மா.

கட்டில் அசையவில்லை. நான் இன்னும் கிட்டே போய் நின்றேன். "நைனா, குடிச்சிருந்தாரா?"

"இல்ல" என்றார் சுவரைப் பார்த்து.

பையை எடுக்கக் குனிந்த அத்தை அப்படியே நின்றார்.

"அப்ப ஏன் அலை வந்தத அவரு பாக்கல?"

நைனா எழுந்து உட்கார்ந்தார். அத்தையின் முகத்தைப் பார்த்துச் சொன்னார்: "அவன் கடலுக்கு முதுகு காட்டி நின்னாம்மா. அவன் வேலையே அதான். வண்டியப் பாத்துத்தான் நிக்கணும். பின்சக்கரம் கல்லு ஓரம் வராம பாத்துக்கினு இருந்தான். நான் விழக்கூடாதுன்னு பாத்துக்கினு இருந்தான். காலையில ஒரு டீதான் குடிச்சான், என்கூட. அலை சரியில்ல, வேணாம்னான். நாந்தான் போயி நில்லுன்னேன். ஊருல குடிச்சிருந்தான்னு பேசனப்போ, இல்லன்னு சொல்ல எனக்கு வாய் வரல. சொன்னா, அப்ப ஏன் அங்க நின்னான்னு கேப்பாங்க."

அத்தை இடுப்பில் இருந்த குழந்தையை இறுக்கிக்கொண்டார்.

"அப்ப அவரு குடிக்கல" என்றார் அத்தை.

"இல்லம்மா."

"முப்பத்தஞ்சு நாளு" என்றார். "முப்பத்தஞ்சு நாளா அந்த மனுசன திட்டிக்கினு இருக்கேன். பொணத்தக் கொண்டாந்து எறக்கனப்போ ஒரு சொட்டு கண்ணீரு விடல. படத்துக்கு வெளக்கு ஏத்தல. புள்ளைக்கு அப்பன் பேர சொல்லித் தரல." அப்படியே தரையில் உட்கார்ந்தார். அப்போதுதான் அவருக்கு அழுகை வந்தது. அந்த மாதிரி அழுகையை நான் அதுவரை கேட்டதில்லை. குழந்தை மடியிலிருந்து நழுவிப் போய், பலகையில் இருந்த நுரையை விரலால் தொட்டு, ஒட்டிக்கொண்டதா என்று விரலைப் பார்த்தது.

அழுது முடித்ததும் பையைத் திறந்தார். மாமாவின் சட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்து உதறி, மடித்து, திரும்ப வைத்தார். ஒன்றைக்கூட விடவில்லை. எழுந்து வாசல் வரை போய், திரும்பாமல் சொன்னார்: "அன்னிக்கே வந்து சொல்லியிருக்கணும்ணா."

நைனா பனியனும் லுங்கியுமாக அவர் பின்னாலேயே இறங்கி நடந்தார். ஒரு மாதத் தாடி. வெயிலில் கண் கூசித் தடுமாறினார். நான் கூடப் போனேன். பஸ் நிலையம் வரைக்கும் அத்தை முன்னால், நைனா பத்தடி பின்னால். பையை வாங்கக் கை நீட்டினார், அத்தை கொடுக்கவில்லை. வந்தவாசி பஸ் வந்தது. ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்து, அப்போதுதான் நைனாவைப் பார்த்தார்.

"எங்க வூட்டுக்கு வந்து அவரு அம்மாகிட்டயும், எங்க தம்பிங்ககிட்டயும் சொல்லிடுங்க. நாஞ் சொன்னா நம்ப மாட்டாங்க."

"நாளைக்கு வரேம்மா" என்றார் நைனா.

மறுநாள் காலையில் ஷேவ் பண்ணினார். அந்த பிரஷ்ஷில் வெள்ளைப் பெயிண்ட் காய்ந்திருந்தது, வெறும் விரலால் சோப்புத் தடவிக்கொண்டார். அம்மா வாசலை மறித்து நின்றாள். "தனியா போவாத. நானும் வரேன். இல்லன்னா போவாத" என்று காலைப் பிடித்தாள். அவளைத் தூக்கி நிறுத்திவிட்டுப் போனார். என்னையும் கூட்டிக்கொண்டு போகவில்லை.

பகல் முழுக்க அம்மா ஒவ்வொரு பஸ் சத்தத்துக்கும் எழுந்து எழுந்து பார்த்தாள். பொழுது சாயும்போது நைனா வந்தார். சட்டையின் ஒரு கை தோளோடு கிழிந்து தொங்கியது. உதடு வீங்கியிருந்தது. என்ன நடந்தது என்று அம்மா கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. தொட்டியண்டை போய்க் கைகால் கழுவிக்கொண்டு வந்து, தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

"சோறு இருக்குதா?" என்றார்.

அந்தக் கோடையில் நைனா தானாக வாயைத் திறந்து கேட்ட முதல் கேள்வி அது. அம்மா தட்டை எடுக்கத் திரும்பினாள். நான் அவர் பக்கத்தில் போய், முட்டி இடிக்க, ஒட்டி உட்கார்ந்துகொண்டேன்.